அறுநூற்று நாற்பது கைப்பிடிகள்

அத்தியாயம் 7

குடைக் கம்பெனிக்குள் நுழைந்ததும் கொழுந்தன் அண்ணாந்து பார்த்தான். கூரைக்குக் கீழே நீளக் கம்பியில் நானூறு கறுப்புக் குடைகள் வரிசையாகத் தொங்கின. துணி இருந்தது, விலாக்கம்பி இருந்தது, பட்டன்கூட இருந்தது. கை பிடிக்க வேண்டிய இடத்தில் மட்டும் மொட்டை இரும்புக் குச்சி.

"வௌவால் வளர்க்கறாங்களா அண்ணி?"

"கைப்பிடி வரலையாம். அதுக்குத்தான் நம்மளக் கூப்பிட்டிருக்காங்க. வாயை மூடிக்கிட்டுக் கண்ணைத் திற."

"ரெண்டையும் ஒரே நேரத்துல செஞ்சு பழக்கமில்ல அண்ணி."

அந்தப் பேட்டையில் காணாமல் போன நாய்க்குட்டி முதல் காணாமல் போன மாப்பிள்ளை வரை கண்டுபிடித்துக் கொடுத்தவள் அண்ணி. கணவரின் தம்பிதான் அவளுக்கு உதவியாள். கணவர் என்ன செய்கிறார் என்று கேட்டால் அவர் வீட்டில் டிவி ரிமோட்டைத் துப்பறிந்துகொண்டிருக்கிறார். விசிட்டிங் கார்டில் அண்ணி பெயர் பெரிதாகவும், தன் பெயர் எறும்பு ஊர்ந்த மாதிரியும் அச்சாகியிருப்பது கொழுந்தனுக்கு ஆறாத மனக்குறை. எல்லோரும் அவளுக்குத்தான் முதலில் நாற்காலி போடுகிறார்கள், டீயும் அவளுக்குத்தான் முதலில். அதை அவன் வெளியில் சொல்வதில்லை; சொல்லாமல் எல்லோருக்கும் தெரியும்படி பார்த்துக்கொள்வான்.

முதலாளி தன் அறையில் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார். கம்பெனியில் கார்டு முறை என்று ஒன்று இருக்கிறது. ஸ்டோர்ஸில் ஒவ்வொரு சாமான் அடுக்கிலும் நடுவே ஒரு சிவப்புக் கார்டு செருகியிருக்கும். சரக்குக் குறைந்து கார்டு கண்ணில் பட்டால், ஸ்டோர்ஸ்காரி அதை எடுத்துக்கொண்டு போய் ஆபீஸில் இருக்கும் பிஸ்கட் டின்னில் போட வேண்டும். அதைப் பார்த்துக் கொள்முதல்காரர் ஆர்டர் கொடுப்பார். வளைந்த கறுப்புக் கைப்பிடிக்கான கார்டு மட்டும் இரண்டு மாதத்தில் மூன்று முறை வந்து சேரவில்லை. போட்டேன் என்கிறாள் அவள். டின் காலி என்கிறார் அவர்.

"முதல் ரெண்டு தடவை நானே மோப்பம் பிடிச்சு, என் கார்லயே போய்க் கைப்பிடி எடுத்துட்டு வந்து காப்பாத்திட்டேன்" என்று முதலாளி நெஞ்சைத் தடவிக்கொண்டார். "மூணாவது தடவை கைப்பிடிப் பட்டறையில அச்சு உடைஞ்சு போச்சு. பத்து நாள் முன்னாடி சொல்லியிருந்தா உடையறதுக்குள்ள போட்டுக் கொடுத்திருப்பேன்கறான். இப்ப மழை வேற ஆரம்பிச்சாச்சு."

நாலு மணிக்கு ஸ்டோர்ஸ்காரியை வேலையைவிட்டு நிறுத்தும் கடிதம் கொடுக்கப் போகிறார். சட்டைப் பையில் அது தயாராக நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு முன் ஆளுக்கொரு யோசனை சொல்லும்படி எல்லோரையும் உட்கார வைத்து ஒரு மீட்டிங் நடத்தித் தர வேண்டும், அவ்வளவுதான். பின்னால் யாரும் அநியாயம் என்று சொல்லிவிடக் கூடாதல்லவா? முடிவை முதலில் எழுதிவிட்டு விசாரணையை அப்புறம் வைப்பது பெரிய மனிதர்களின் வழக்கம்.

அப்போது மணி ஒன்றரை.

மீட்டிங் அறையில் ஐந்து பேர். அவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நமக்குத் தலை வெடித்துவிடும்.

கொள்முதல் பார்ப்பவர் முதலாளியின் மனைவிக்குத் தம்பி. கம்பெனி முழுக்க அவரை மச்சான் என்றே கூப்பிடுகிறது, வாட்ச்மேன் உட்பட. குடையைக் கோத்து முடிக்கும் அசெம்பிளிப் பிரிவு முதலாளியின் மருமகனுடையது. பெண்ணைக் கட்டியதால் வந்த பதவி என்று மச்சான் சொல்வார். அக்காளைக் கட்டிக்கொடுத்ததால் வந்த பதவி என்று மருமகன் சொல்வார். இரண்டும் உண்மை என்பதால் இருவருக்கும் கோபம். பாக்கிங் பிரிவின் தலைவிக்கு டேப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அட்டைப் பெட்டியை ஒட்டும் வேகத்தில் அடுத்தவர் வாயையும் ஒட்டிவிடுவாளாம். நாலாவது ஸ்டோர்ஸ்காரி. இடுப்பில் பதினெட்டுச் சாவி. கார்டு முறையைக் கொண்டுவந்தவளே அவள்தான். நாலு மாதமாகச் சிறந்த ஊழியர் பலகையில் அவள் படமே தொங்குகிறது. அந்தப் படத்துக்கு யாரோ பேனாவால் மீசை வரைந்து, யாரோ அழித்து, மறுபடி யாரோ வரைந்திருந்தார்கள். ஐந்தாவது முதலாளி. நான் சும்மா பார்வையாளன் என்று ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

அண்ணி முதலில் ஒழுங்கான மீட்டிங்தான் நடத்திப் பார்த்தாள். சரக்கு எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது, மனதில் பட்டதைச் சொல்லுங்கள் என்றாள். கால் மணி நேரம் ஒருவருக்கொருவர் தேன் தடவினார்கள். ஒத்துழைப்பு இன்னும் கொஞ்சம் கூடலாம் என்றார் மச்சான். எல்லோருமே நல்லாத்தான் உழைக்கறோம் என்றார் மருமகன். டேப்பு விட்டத்தைப் பார்த்துச் சிரித்தாள். நாலு மணிக்கு என்ன வரப்போகிறது என்பது ஸ்டோர்ஸ்காரிக்கு டீ கொண்டுவந்தவர் மூலம் காலையிலேயே வந்துவிட்டது. வீட்டில் கணவர் வேலையில்லாமல் எட்டு மாதம். சாவிக்கொத்தை மடியில் வைத்து ஒவ்வொரு சாவியாகத் தடவிக்கொண்டிருந்தாள்.

"கல்யாண வீட்டு வாழ்த்துரை மாதிரி இருக்கு" என்று கொழுந்தன் அண்ணி காதில் சொன்னான். "அட்சதை மட்டும்தான் பாக்கி."

அண்ணி எழுந்து பலகையில் எழுதியிருந்ததை அழித்தாள்.

"சரி, இது வேண்டாம். ஆளுக்கொரு துண்டுக் காகிதம் தர்றேன். பேர் எழுத வேண்டாம். ஒரே ஒரு கேள்வி. இந்தக் கம்பெனியில ஒரு நாளைக்கு யாரோட வேலையை உங்களுக்குக் கொடுத்தா சந்தோஷமா வாங்கிப்பீங்க?"

பேனாக்கள் ஓடின. சரக்கு எங்கே நிற்கிறது என்ற கேள்விக்கு யோசித்தவர்கள், இதற்கு யோசிக்கவே இல்லை. மச்சான் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். முதலாளியும் எழுத வேண்டும் என்று அண்ணி வற்புறுத்தியபோது அவர் சிரித்து, எல்லா நாற்காலியும் என்னுடையதுதானே என்று காகிதத்தை வெறுமையாக மடித்துக் கொடுத்தார்.

பெயர் எழுதாததால் ஒரு பயனும் இல்லை. ஒவ்வொருவரும் எழுதும்போது யாரைப் பார்த்தார்கள் என்று கொழுந்தன் பார்த்துக்கொண்டிருந்தான். மச்சானுக்கு மருமகனின் வேலை வேண்டும். மருமகனுக்கு மச்சானுடையது. டேப்புக்கு ஸ்டோர்ஸ்காரியின் வேலை. ஸ்டோர்ஸ்காரிக்கோ டேப்பின் ஜன்னலோர இடம். அங்கே காற்று வருமாம்.

"இப்ப அடுத்த வேலை" என்றாள் அண்ணி. "நீங்க கேட்ட ஆள் தினம் என்ன செய்யறாங்கன்னு மணிவாரியாச் சொல்லணும். தப்பாச் சொன்னா அந்த வேலை உங்களுக்குக் கிடையாது."

அணை உடைந்தது.

இதுதான் அண்ணியின் தொழில் ரகசியம். ஊரில் ஆயிரம் கேமரா மாட்டலாம்; பொறாமைப்படுகிறவனின் கண்ணுக்கு ஈடாகாது. கேமராவுக்கு எதிராளியின் செருப்பு புதுசா பழசா என்று தெரியாது. இந்தக் கண் தூங்கவும் தூங்காது, மறக்கவும் மறக்காது, சம்பளமும் கேட்காது.

டேப்பு விரல் விட்டு ஆரம்பித்தாள். ஸ்டோர்ஸ்காரி காலை எட்டு ஐந்துக்கு வருவது, பத்து மணிக்கு முகம் கழுவுவது, மத்தியானம் போனில் சிரிப்பது, கடைக்காரர்கள் இப்போதெல்லாம் சரக்கு இருக்கிறதா என்று நேராக இவளையே கேட்பது. எல்லாம் தேதியோடு வந்தது.

"அதாவது பரவாயில்ல. அஞ்சு மணிக்கு எல்லாரும் கம்பெனி வண்டியில ஏறி உக்காந்திருப்போம். மகாராணி அப்பத்தான் சிவப்புக் கார்டைத் தூக்கிக்கிட்டு ஆபீஸுக்குப் போவா. என்னமோ மெடல் வாங்கப் போற மாதிரி. போன மாசம் ரெண்டாம் தேதி ஏழு நிமிஷம் எங்களை நிக்க வச்சா. இருபதாம் தேதி ஒன்பது நிமிஷம். இந்த மாசம் எட்டாம் தேதியும் அதே கதை. வரும்போது கை காலியா வீசிக்கிட்டு வருவா."

ஸ்டோர்ஸ்காரி நிமிர்ந்து பார்த்தாள். தன்னைத் திட்டித் தீர்ப்பவள் வாயிலிருந்தே தனக்குச் சாட்சி வந்து விழுந்ததை அவளால் நம்ப முடியவில்லை. மூன்று தேதியும் அவள் கார்டு போட்டதாகச் சொன்ன தேதிகள்.

டேப்புக்கு அது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. "நான் அந்த அர்த்தத்துல சொல்லல" என்றாள்.

"எந்த அர்த்தத்துல சொன்னாலும் தேதி தேதிதான்" என்றான் கொழுந்தன்.

அடுத்து மருமகன். மச்சான் காலையில் பத்து மணிக்கு முன்னால் வந்ததாகச் சரித்திரமே இல்லை, மாலையில் நாலரைக்கு மேல் இருந்ததாகவும் இல்லை என்று புட்டுப்புட்டு வைத்தார். வந்ததும் டின்னைத் திறந்து குலுக்கிப் பார்ப்பாராம், சுற்றி நாலு பேர் இருக்கும்போது. பிறகு கைகழுவப் போனால் அரை மணி.

கொழுந்தனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அண்ணியை ஓரமாக இழுத்துக்கொண்டு போனான். கார்டு டின்னுக்குப் போயிருக்கிறது, டின் மச்சான் மேஜையில் இருக்கிறது, சிறந்த ஊழியர் படத்தைப் பார்த்து அவர் வயிறு எரிந்திருக்கிறது, முடிந்தது கதை என்றான்.

"அவரு நாலரைக்கே போயிடறாரே. கார்டு விழறது அஞ்சு மணிக்கு."

"காலையில எடுத்திருப்பார்."

"நாலு பேர் பார்க்கக் குலுக்கறாரே. எடுக்கணும்னா யாரும் இல்லாதப்ப வந்திருப்பார். சோம்பேறித்தனமும் ஒரு சாட்சிதான்டா."

"அப்ப நான் எத்தனை பேருக்குச் சாட்சி ஆகலாம்" என்று முனகினான் அவன்.

அண்ணி திரும்பி வந்து மருமகனிடம் இன்னும் ஒன்று கேட்டாள். முதலாளி காரில் கைப்பிடி கொண்டுவந்தபோது இறக்கியது யார்?

அந்தக் கேள்விக்காகவே மருமகன் இரண்டு மாதமாகக் காத்திருந்த மாதிரி இருந்தது. பொறியியல் படித்த தன்னைப் பார்த்து, மச்சானைக் கூப்பிடாமல், மாமா தன்னை மூட்டை தூக்கச் சொன்னார் என்றார். ஒன்றுவிடாமல் எண்ணி வேறு வாங்கினாராம். ஊரே மாமாவின் மோப்பத்தைப் புகழ்ந்தபோது மருமகனின் இடுப்பைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. கோபத்தில் டைரியில் குறித்து வைத்திருந்தார். டைரி வந்தது. முதல் தடவை ஐந்நூறு. இரண்டாம் தடவை அறுநூற்று நாற்பது.

"கார்டுல எத்தனைன்னு போட்டிருக்கும்?" என்று அண்ணி ஸ்டோர்ஸ்காரியைக் கேட்டாள்.

"எப்பவும் ஐந்நூறுதான். மழை சீசன் வருதேன்னு ரெண்டாவது கார்டுல நானே அடிச்சுத் திருத்தி அறுநூத்தி நாப்பதுன்னு போட்டேன். எட்டுப் பெட்டி, பெட்டிக்கு எண்பது. அடுக்குல அவ்வளவுதான் இடம்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"கார்டுலதான் எழுதினேனே. சொல்றதுக்கு என்ன இருக்கு?"

அண்ணி பலகைப் பக்கம் திரும்பவில்லை. ஓரத்து நாற்காலியைப் பார்த்தாள். முதலாளி அதில் இல்லை. போன் வந்துவிட்டது என்று எழுந்து போயிருந்தார். போன் மேஜையிலேயே கிடந்தது.

மணி மூன்றேகால்.

முதலாளி தன் அறையில் ஜன்னல் வழியாக லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி கதவைச் சாத்தினாள். கொழுந்தன் கேட்காமலே நாற்காலியில் உட்கார்ந்தான். அன்றைக்கு அவனுக்கு முதலில் கிடைத்த நாற்காலி.

"உங்க மோப்பத்தைப் பத்தி ஒரு சந்தேகம்" என்றாள் அண்ணி. "சரக்குக் குறைஞ்சதை மூக்கு சொல்லும், ஒத்துக்கறேன். அறுநூத்தி நாப்பதுன்னு எண்ணியுமா சொல்லும்?"

அனுபவத்தில் வந்த குத்துமதிப்பு என்றார் அவர். எழுநூறு என்று வந்திருந்தால் குத்துமதிப்பு என்று ஒத்துக்கொள்ளலாம் என்றாள் அண்ணி. மச்சான் அந்தக் கார்டைப் பார்த்திருந்தால் அவரே ஓடிப்போய் வாங்கிவந்து பெயர் வாங்கியிருப்பார். ஐந்து மணிக்கு மேல் ஆபீஸைப் பூட்டுவது முதலாளி. காலை எட்டு மணிக்குத் திறப்பதும் அவர்தான்.

முதலாளி மேஜை இழுப்பறையைத் திறந்து மூன்று சிவப்புக் கார்டுகளை எடுத்து வைத்தார். எறிந்துவிட மனம் வரவில்லையாம். கையெழுத்து அழகாக இருக்கிறது என்றார், அதையும் ஒரு குறையாக.

"முப்பது வருஷம் நடத்தறேன்மா. முந்தி கடைக்காரங்க எனக்குத்தான் போன் பண்ணுவாங்க. அடுக்கைக் கண்ணால பார்த்தே என்ன குறையுதுன்னு சொல்லுவேன். இப்ப போன் எடுத்தா, ஸ்டோர்ஸ் மேடம் இருக்காங்களான்னு கேக்கறான். என் கம்பெனியில என்கிட்டயே."

கைப்பிடி தீர்ந்துபோகும், தான் போய்க் காப்பாற்றுவோம், பழையபடி பேர் கிடைக்கும் என்று நினைத்தார். இரண்டு முறை கிடைத்தது. மூன்றாம் முறை அச்சு உடையும் என்று அவர் மூக்குக்குத் தெரியவில்லை. நானூறு குடை மொட்டையாகத் தொங்கியதும் பயம் வந்துவிட்டது. பழியை எங்காவது இறக்கி வைக்க வேண்டுமே.

பிறகு குரலைத் தாழ்த்தினார். மச்சான்தான் எடுத்தார் என்று சொல்லிவிடலாமே? அவர் வீட்டு ஆள், வேலை போகாது, இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார், அவ்வளவுதானே?

"அவ வேலையைக் காப்பாத்த அவர் பேரைக் கெடுக்கணுமா?" என்றாள் அண்ணி. "நாலு மணிக்கு நீங்க சொல்லுங்க. இல்லேன்னா அஞ்சு நிமிஷம் கழிச்சு நான் சொல்வேன். நீங்க சொன்னா தப்புப் பண்ணின மனுஷன். நான் சொன்னா திருடன்."

"நான் சொன்னா இன்னும் மோசமா இருக்கும் சார்" என்றான் கொழுந்தன். "எனக்குச் சொல்லும்போது நடிச்சுக் காட்டற பழக்கம் உண்டு."

நாலு மணிக்கு முதலாளி மீட்டிங் அறைக்கு வந்தார். ஸ்டோர்ஸ்காரி சாவிக்கொத்தை முன்கூட்டியே மேஜையில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள். பதினெட்டுச் சாவியும் வரிசையாக, எந்த அடுக்குக்கு எது என்று ஒவ்வொன்றிலும் சீட்டுக் கட்டியிருந்தது. அடுத்து வருகிறவள் தடுமாறக் கூடாதாம். டேப்பு அதைப் பார்த்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஜலதோஷம் என்று யாரும் கேட்காமலே சொன்னாள்.

முதலாளி சட்டைப் பையிலிருந்த கடிதத்தை எடுத்தார். அதை நாலாகக் கிழித்துவிட்டு மூன்று கார்டையும் மேஜையில் வைத்தார்.

"நான்தான் எடுத்தேன்" என்றார். "அந்தப் பொண்ணைப் பார்த்துப் பொறாமை. அவ்வளவுதான். தப்பு என்னோடது. அவ இங்கதான் இருக்கணும்."

இப்போது எல்லோரும் அதிர்ந்து போவார்கள், முதலாளியைக் கரித்துக் கொட்டுவார்கள் என்று கொழுந்தன் எதிர்பார்த்தான். மனிதர்களைப் பற்றி அவனுக்கு இன்னும் நல்ல எண்ணம் மிச்சமிருக்கிறது.

மச்சானின் முகம்தான் முதலில் கோணியது.

"பதினாலு வருஷமா உங்ககூட இருக்கேன் அத்தான்" என்றார். "என்னைப் பார்த்து ஒரு நாளாவது பொறாமைப்பட்டிருக்கீங்களா?"

முதலாளி திகைத்தார். மருமகன் சிரித்துவிட்டார். உங்களைப் பார்த்துப் பொறாமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்டவர், அடுத்த நொடியே மாமா பக்கம் திரும்பி, மூட்டை தூக்க மட்டும் நான், பொறாமைப்பட வேறு ஆளா என்று ஆரம்பித்தார். நாலு மாதமாகப் படத்துக்கு மீசை வரைந்தது நான்தான், அதைக்கூட யாரும் கண்டுகொள்ளவில்லை என்று டேப்பு தன் குறையை முன்வைத்தாள். அழித்தது யார் என்று மச்சான் கேட்க, அழித்து மறுபடி வரைந்தது தான் என்று மருமகன் ஒப்புக்கொள்ள, டேப்பு வரைந்த மீசையைவிடத் தன் மீசைதான் அளவாக இருந்தது என்று வாதம் வேறு திசைக்குப் போனது. முதலாளி நடுவில் நின்று, யார் யாரைப் பார்த்து எப்போது பொறாமைப்பட்டேன் என்று வருஷவாரியாகச் சமாதானம் சொல்ல முயன்றார். அது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றின கதையாக இன்னும் வளர்ந்தது.

இந்தக் கலவரத்தில் ஸ்டோர்ஸ்காரி மேஜையிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போனதை அண்ணி மட்டும் கவனித்தாள். கொழுந்தன் கதவோரம் போய் எட்டிப் பார்த்தான். மச்சான் மேஜையில் நின்றபடியே அவள் கைப்பிடிப் பட்டறைக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தாள். சத்தம் போடவில்லை. சாவிகள் அசைந்த ஓசையில் அறை தானாக அடங்கியது.

"அச்சு ரெடியாகி முந்தாநாளே வந்துடுச்சாம். ஏன் யாருமே போன் பண்ணலைன்னு கேக்கறாங்க."

மச்சான் மருமகனைப் பார்த்தார். மருமகன் முதலாளியைப் பார்த்தார். முதலாளி தரையைப் பார்த்தார். கார்டு வராமல் நான் எப்படிக் கேட்பது என்று மச்சான் முனகினார்.

"அடிச்சு வச்சிருக்கற கறுப்புக் கைப்பிடி நானூறு இப்பவே லாரியில ஏத்தறாங்க. ஆறு மணிக்குள்ள இங்க வந்துடும்" என்றாள் ஸ்டோர்ஸ்காரி. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். "எண்ணி இறக்க எனக்கு ஒரு ஆள் வேணும். யார் வர்றீங்க?"

முதலாளி ஒரு அடி எடுத்து வைத்தார். அவருக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று மச்சான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அவருக்கும் முன்னால் மருமகன் கதவருகே சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார், இடுப்பு வலியை மறந்து.